காணாமற் போனோரும் காணவேண்டிய நீதியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

சென்ற ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நல்ல சாரல். பேரருவிக் கரையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. என் தந்தையாரும் பழக்கடையை அரை நாள் அடைத்துவிட்டு, ஈர வேட்டியுடன் புரோகிதர் முன் அமர்ந்திருந்தார். தாத்தாவின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தாயிற்று. "வேறு யார் பேராவது சொல்லணுமா?" என்று புரோகிதர் கேட்டார். அப்பா சற்றே தயங்கிவிட்டு, என் அத்தை மகனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற ஆச்சி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அவன் பேரைச் சொல்லாதலே. அவன் செத்துட்டான்னு யாருலே உன்கிட்ட சொன்னா?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். புரோகிதரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அத்தானை நான் கண்டதில்லை. ஒரு புகைப்படத்தை மட்டுமே கண்டிருக்கிறேன். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் அவரைப் பற்றிச் செய்தியே இல்லை. இறந்தவர்க்குத் திதி உண்டு. உயிரோடிருப்பவர்க்குப் பிறந்தநாள் உண்டு. காணாமற் போனவர்க்கு என்ன நாள் உண்டு? இக்கேள்வியுடன்தான் நான் கல்லூரி நூலகத்தில் வேதியியல் அலமாரியை விட்டு வரலாற்று அலமாரிப் பக்கம் போனேன். அங்கே கற்றுக்கொண்டதை என் உடன் பயில்வோரோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பொருள்

பெரும் போரோ, கொடுங்கோலாட்சியோ, இனப்படுகொலையோ நிகழ்ந்த ஒரு நாடு அமைதிக்குத் திரும்பும்போது, கடந்த காலக் கொடுமைகளுக்கு எவ்வாறு கணக்குத் தீர்ப்பது? இக்கேள்விக்கு விடை காண முயலும் வழிமுறைகளின் தொகுப்பையே 'நிலைமாறுகால நீதி' என்கிறார்கள். சாதாரணக் கொலை வழக்கில் கொன்றவன் ஒருவன், மாண்டவன் ஒருவன். காவல் நிலையமும் நீதிமன்றமும் அவ்விருவருக்கும் வெளியே நிற்கின்றன. ஆனால் அரசே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, யாரிடம் போய் முறையிடுவது? வேலியே பயிரை மேய்ந்த நிலத்தில் வேலியை மறுபடியும் எப்படி நம்புவது? சாதாரணச் சட்டம் தடுமாறும் அவ்விடத்திலேதான் இந்நீதி தொடங்குகிறது.

'இனப்படுகொலை' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் படைத்தவர் போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் இரஃபேல் லெம்கின். 1944இல் அவர் அச்சொல்லை உருவாக்கினார். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் செயல்களே இனப்படுகொலை என்று அது வரையறுக்கிறது. இங்கே 'நோக்கம்' என்ற சொல்லே உயிர்நாடி. பிணங்களை எண்ணிவிடலாம், நோக்கத்தை மெய்ப்பிப்பதுதான் கடினம்.

நான்கு தூண்கள்

இந்நீதிக்கு நான்கு தூண்கள் உண்டு என்பர் அறிஞர். முதலாவது, உண்மை: நடந்தது என்ன, மறைந்தவர் எங்கே என்று அறியும் உரிமை. இரண்டாவது, நீதி: குற்றம் புரிந்தோரை விசாரித்துத் தண்டித்தல். மூன்றாவது, இழப்பீடு: பணம் மட்டுமன்று, நிலத்தைத் திருப்பித் தருதல், மருத்துவம், மன்னிப்புக் கேட்டல், நினைவுச் சின்னம் எழுப்புதல் யாவும் இதில் அடங்கும். நான்காவது, மீள நிகழாமை: சட்டத்தையும் படையையும் காவல்துறையையும் பள்ளிப் பாடத்தையும் திருத்தி, அக்கொடுமை மறுபடி தலைதூக்காமல் செய்தல்.

இத்தூண்களில் ஒன்றை மட்டும் நட்டுவிட்டு மண்டபம் கட்டியதாகச் சொல்ல முடியாது. எனினும் எந்த நாடும் நான்கையும் ஒருங்கே நட்டுவிடவில்லை. இரண்டு நாடுகளைச் சான்றாகக் காண்போம்.

புல்தரை நீதிமன்றம்

ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள ருவாண்டாவில் 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ நூறே நாட்களில், சுமார் 8 லட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். கொன்றவர் பலர் அண்டை வீட்டார். கொலைக்குப் பின் சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். நீதிபதிகளிலும் வழக்கறிஞர்களிலும் பலர் மாண்டோ ஓடியோ போய்விட்டனர். எஞ்சிய நீதிமன்றங்களைக் கொண்டு அத்தனை வழக்குகளையும் முடிப்பதென்றால் நூறாண்டும் போதாது எனக் கணக்கிட்டார்கள்.

ஐ.நா. அமைத்த பன்னாட்டு நீதிமன்றம் தான்சானியாவின் அருஷா நகரில் கூடி 93 பேர்மீது குற்றம் சாட்டியது. எஞ்சியோரை என்ன செய்வது? பழைய ஊர் வழக்கம் ஒன்றை அரசு புதுப்பித்தது. 'கச்சாச்சா' என்பது அதன் பெயர்; அவர்கள் மொழியில் புல்தரையைக் குறிக்கும் சொல். ஊரார் புல்தரையில் கூடி, தாங்களே தேர்ந்தெடுத்த நடுவர் முன் வழக்குரைப்பார்கள். 2005இல் நாடெங்கும் பரவிய இம்மன்றங்கள் 2012இல் மூடப்படுமுன் ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகளை முடித்தன. புதைத்த இடத்தைப் பலர் அங்கேதான் சொன்னார்கள். தாயார் பலர் எலும்பையேனும் பெற்றார்கள்.

கேட்பதற்கு நம் ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்துபோல் இனிக்கிறது, அல்லவா? ஆனால் மரத்தடியில் வலியவன் குரலே ஓங்கும் என்பதை நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சாச்சாவிலும் குற்றம் சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞர் இல்லை. சாட்சி சொன்னோர் அச்சுறுத்தப்பட்டதும் உண்டு. வெற்றி பெற்ற படையினர் செய்த கொலைகள் அங்கே விசாரிக்கப்படவில்லை. 2000 முதல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருக்கும் பால் ககாமே, 2024 தேர்தலில் 99 விழுக்காட்டு வாக்குப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்குரல் ஒலிக்க இடமுள்ள நாட்டில் இப்படியொரு விழுக்காடு வருமா? சாலைகள் சீராகியுள்ளன, நாடாளுமன்றத்தில் பெண்கள் பாதிக்குமேல் இருக்கிறார்கள், ஆயினும் ஆட்சியை எதிர்த்துப் பேசுவது அரிது. நீதி ஓரளவு கிடைத்தது. மக்களாட்சி முழுதாய் மலரவில்லை என்பதே ருவாண்டா தரும் பாடம்.

தாய்மாரும் அறிவியலும்

இரண்டாவது சான்று அர்ஜென்டினா. அங்கே நடந்தது இராணுவ ஆட்சியின் கொடுமை. 1976 முதல் 1983 வரை பல்லாயிரவர் கடத்தப்பட்டு மறைந்தனர். 1977 ஏப்ரல் 30ஆம் நாள், பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினர். பின்னர் தலையில் வெள்ளைத் துணி கட்டி வாரந்தோறும் அங்கே வலம் வந்தனர். இராணுவம் வீழ்ந்தபின் அமைந்த ஆணையம், மறைந்தோர் 8,960 பேரைப் பட்டியலிட்டு, 'இனி ஒருபோதும் வேண்டாம்' என்ற பொருளுடைய தலைப்பில் 1984இல் அறிக்கை வெளியிட்டது. 1985இல் தளபதிகள் தண்டிக்கப்பட்டனர். பின்னர் மன்னிப்புச் சட்டங்கள் வந்து வழக்குகளை நிறுத்தின. ஆயினும் தாய்மார் ஓயவில்லை. 2003இல் நாடாளுமன்றமும் 2005இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டங்களைச் செல்லாதவையாக்கின. வழக்குகள் மறுபடி நடந்தன.

வேதியியல் மாணவியாகிய எனக்கு இந்நாட்டின் கதையில் வியப்பளித்தது வேறொன்று. சிறையில் பிறந்து களவாடப்பட்ட குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது? பெற்றோர் உயிரோடில்லை, பாட்டிமார் மட்டுமே இருந்தனர். அவர்கள் அறிவியலாரை நாடினார்கள். அமெரிக்க மரபியலார் மேரி கிளேர் கிங், பாட்டி பேரன் உறவைக் குருதியைக் கொண்டு உறுதிசெய்யும் முறையை வகுத்துத் தந்தார். இதுவரை 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தம் உண்மையான குடும்பத்தை அறிந்துள்ளனர். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய்க்கும் ஒரு பாட்டியின் கண்ணீருக்கும் உறவுண்டு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

இனி நமக்கு அண்மையிலுள்ள நாட்டுக்கு வருவோம். உலகம் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்ற அதே 1948இல், இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் அதனால் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

அப்பங்கீட்டில் பிரிந்த குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அட்டன் பகுதித் தோட்டத்திலிருந்த தாத்தாவும் ஆச்சியும் ஆறு வயதுச் சிறுவனான என் தந்தையும் 1976இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகத் தென்காசிக்கு வந்தனர். அங்கேயே மணமாகியிருந்த அத்தை இலங்கைக் குடிமகளாகத் தங்கினார். 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அஞ்சி ஓடிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களுள் அத்தை குடும்பமும் ஒன்று.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1958, 1977, 1983 எனக் கலவரங்கள் தொடர்ந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. பின்னர் கால் நூற்றாண்டுப் போர். 2009 மே 18ஆம் நாளோடு முள்ளிவாய்க்காலில் அது முடிந்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது. மருத்துவமனைகள்மீதும் பாதுகாப்பு வலயங்கள்மீதும் அரசுப் படை குண்டு வீசியதாகவும், விடுதலைப்புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததோடு சிறாரையும் படையில் சேர்த்ததாகவும் அக்குழு குறித்தது. 1990இல் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதையும் நாம் மறைக்கக் கூடாது. உண்மை என்று பேசத் தொடங்கினால், நமக்குக் கசப்பானதும் அதில் சேர்ந்தே வரும்.

இது இனப்படுகொலையே என்று வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. மே 18ஆம் நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் 2022இல் ஏற்றது. இலங்கை அரசு இதனை மறுக்கிறது. ஐ.நா. அறிக்கைகள் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்னும் சொற்களை ஆள்கின்றன. எந்த நீதிமன்றமும் இதனை விசாரித்துத் தீர்ப்புரைக்கவில்லை என்பதே இங்குள்ள துயரத்தின் வேர்.

2013 மார்ச்சில் தமிழகக் கல்லூரி மாணவர்கள் உண்ணாநோன்பிருந்ததும், அம்மாதமே நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியதும் நம் மூத்தோர்க்கு நினைவிருக்கும். 2015 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கையே உடன்மொழிந்து நான்கு அமைப்புகளை ஏற்படுத்த ஒப்புக்கொண்டது: உண்மை ஆணையம், காணாமற் போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், சிறப்பு நீதிமன்றம். இரண்டு அலுவலகங்கள் வந்தன, நீதிமன்றம் வரவில்லை. 2020இல் அரசு தன் ஒப்புதலை மீட்டுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்த படைவீரர் ஒருவரும் அதே ஆண்டில் பொதுமன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்.

2017 பிப்ரவரி 20ஆம் நாள் முதல் கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரம் அமர்ந்தார்கள். விடை கிடைக்காமலே பலர் கண் மூடினர். 2016இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெற வழி செய்தது. அதைக் கொண்டு வங்கி, நில அலுவல்களை முடிக்கலாம். பிள்ளை இறந்தான் என்று கையெழுத்திட வேண்டியதில்லை. இதைப் படித்தபோது ஆச்சி அன்று அப்பாவின் தோளைப் பற்றியது நினைவுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி கேட்டதும், ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டதும் ஒன்றேதான்.

எலும்பு சொல்லும் காலம்

மன்னாரில் 2018இல் தோண்டப்பட்ட புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என 2019இல் முடிவு வந்தது. கார்பன்-14 முறை நாம் பாடத்தில் படிப்பதே. உயிரோடிருக்கும்வரை உடல் அக்கார்பனை ஏற்றுக்கொண்டேயிருக்கும். இறந்தபின் அது 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு காலத்தைக் கணக்கிடலாம். அண்மைக் காலத்து எலும்புக்கு வேறொரு குறிப்பும் உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இருமடங்கானது. அதன் சுவடு அக்காலத்துக்குப் பின் வாழ்ந்தோரின் பல்லிலும் எலும்பிலும் இருக்கும்.

மன்னார் முடிவைக் குடும்பத்தார் பலர் ஏற்கவில்லை. அது அறிவியல்மீது கொண்ட ஐயம் என்பதைவிட, மாதிரி எடுப்பவர் மீதும் அனுப்புபவர் மீதும் கொண்ட ஐயம் எனலாம். நம்பிக்கை இழந்த நாட்டில் சரியான விடையும் பொய்போலத் தோன்றும். 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் பள்ளிப் பையும் இருந்தது. அப்பைக்குக் கார்பன் ஆய்வு தேவையில்லை.

வாக்குரிமையும் நீதியும்

தேர்தல் நடந்தால் மக்களாட்சி வந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். இலங்கையில் 1931 முதலே வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. ஆயினும் அதே வாக்குப் பெட்டியின் வழியே வந்த பெரும்பான்மைதான் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தது. சிறுபான்மைக்குக் காப்பில்லாத பெரும்பான்மை ஆட்சி, கரை இல்லாத ஆறு. 1987இன் 13ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் பிறந்தன. வட மாகாண சபைக்கோ முதல் தேர்தல் 2013இல்தான் வந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.

ஆனால் நம்பிக்கைக் கீற்றும் தெரிகிறது. 2022இல் பொருளாதாரம் சரிந்து கொழும்பு மக்கள் காலிமுகத்திடலில் திரண்டபோது, மே 18 அன்று சிங்களரும் தமிழரும் சேர்ந்து முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தனர். தென்னிலங்கைச் சிங்களத் தாய்மாரும் 1980களின் இறுதியில் பல்லாயிரம் பிள்ளைகளைக் காணாமல் இழந்தவர்களே. கண்ணீருக்கு மொழி ஏது?

ருவாண்டாவில் நீதி முன்சென்றது, மக்களாட்சி பின்தங்கியது. அர்ஜென்டினாவில் மக்களாட்சி முன்வந்தது. அதன் கையைப் பிடித்து இருபதாண்டு கழித்து நீதி வந்தது. இலங்கையில் தேர்தல் உண்டு. நீதி இன்னும் வாயிற்படி ஏறவில்லை. இரண்டும் மாட்டுவண்டியின் இரு சக்கரங்கள். ஒன்று மட்டும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமிடும்.

கோபுரம் சொல்லும் பாடம்

ஆச்சி 1976இல் தென்காசிக்கு வந்து இறங்கியபோது, காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தீக்கிரையாகிப் பிளந்து நின்றதாம். பல தலைமுறைகள் அப்பிளவைப் பார்த்தே வளர்ந்தன. 1990இல் குடமுழுக்கு நடந்து, இன்று ஒன்பது நிலையோடு நிமிர்ந்து நிற்கிறது. அக்கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்வோர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். முடியணிந்த மன்னன் முன்பின் அறியாத ஒருவனைப் பணிகிறான், குறையைக் களைகிறான் என்பதற்காக! பிளவை மறைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தால் கோபுரம் எழுந்திருக்காது. பிளவை ஒப்புக்கொண்டு, மறுபடி கட்டியதால் எழுந்தது. நாடும் அப்படித்தான்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இந்த வாய்ப்பு அத்தானுக்குக் கிட்டவில்லை. சட்டம் படிப்போர், வரலாறு படிப்போர் மட்டுமல்லாமல், எலும்பையும் குருதியையும் மண்ணையும் ஆய்வோரும் இந்நீதிக்குத் தேவைப்படுகிறார்கள். மேற்படிப்பில் தடய அறிவியல் பயில வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதை ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ படிச்சு முடிச்சு, நெசம் இன்னதுன்னு எனக்கு வந்து சொல்லு தாயீ. அதுக்கப்புறம் உங்கப்பன் அருவிக்கரையில அவன் பேரைச் சொல்லட்டும். அதுவரைக்கும் வேண்டாம்" என்றார்.

ஆச்சிக்கு வயது 85. அந்த விடை அவர் காலத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.